யோபுவின் வஞ்சினம்

இறைவன்முன் நிற்கும் மனிதன் தன் குறைகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோருவதே வேண்டுதலின் இயல்பு என்று கருதுகிறோம். விவிலியத்தில் அத்தகைய வேண்டுதல்கள் பல உள. 51ஆம் சங்கீதம் அவற்றுள் தலையாயது. ஆயினும் அதே நூலில் இதற்கு நேர்மாறான குரலொன்றும் கேட்கிறது. தான் குற்றமற்றவன் என்று ஆணையிட்டு, தன் உள்ளத்தைச் சோதித்தறியுமாறு இறைவனையே அழைக்கும் குரல் அது. 7, 17, 26ஆம் சங்கீதங்களும், யோபு நூலின் 31ஆம் அதிகாரமும் இவ்வகையின. இது செருக்கின் குரலா, அன்றி வேறொன்றா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

விடை காண, முதலில் இஸ்ரவேலரின் வழக்குமுறையை நோக்கவேண்டும். ஒருவன் தன் கால்நடையைப் பிறனிடம் காவலுக்கு விடுகிறான். எவரும் காணாத வேளையில் அது இறந்துபோகிறது, அல்லது காயமுறுகிறது. சாட்சி இல்லை. அந்நிலையில் காவலேற்றவன் தான் வஞ்சகம் செய்யவில்லை என்று கர்த்தர்பேரில் ஆணையிடவேண்டும். உடைமையாளன் அதனை ஏற்றுக்கொண்டு ஈடு கேளாது விடவேண்டும் என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் செய்யும் வேண்டுதலிலும் (1 இராஜாக்கள் 8), பலிபீடத்தின்முன் ஆணையிடுவோரின் வழக்கை விண்ணிலிருந்து கேட்டுத் தீர்க்குமாறு ஒரு விண்ணப்பம் உண்டு. மனிதரின் கண் எட்டாத இடத்தில், வழக்கு இறைவனிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இப்பின்னணியில் 7ஆம் சங்கீதத்தைப் படித்தால் அதன் பொருள் தெளிவாகும். பாடுவோன் தான் பாவமே அறியாதவன் என்று சொல்லவில்லை. தன்மேல் சுமத்தப்பட்ட ஒரு குறிப்பிட்ட பழியையே மறுக்கிறான். நண்பனுக்குத் தீமை செய்தது உண்மையாயின், பகைவன் தன் உயிரை மண்ணில் மிதிக்கட்டும் என்கிறான். 26ஆம் சங்கீதத்தில் கைகளைக் கழுவிப் பலிபீடத்தைச் சுற்றிவரும் செயலும் குறிக்கப்படுகிறது. பழிசுமத்தப்பட்டோர் ஆலயத்தில் தீர்ப்பை எதிர்நோக்கிச் செய்த வேண்டுதல்களாகவே இத்தகைய பாடல்கள் பலவற்றை ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஷ்மிட் 1928இல் விளக்கினார். ஒவ்வொரு பாடலையும் அச்சடங்கோடு பிணைப்பது மிகையாகலாம். ஆனால் அவற்றின் மொழி வழக்காடு மன்றத்தின் மொழி என்பதில் ஐயமில்லை.

இச்சூளின் உயிர் தற்சாபத்தில் உள்ளது. நம் புறத்திணை மரபிலும் இதனை ஒத்ததோர் அமைப்பு உண்டு. பகைவரை வெல்லேனாயின் குடிகள் என்னைப் பழிதூற்றுக, புலவர் என் நாட்டைப் பாடாது நீங்குக எனத் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் கூறும் வஞ்சினத்தைப் புறநானூற்றில் (72) காண்கிறோம். வேறுபாடு யாதெனில், பாண்டியன் வருங்காலச் செயலுக்குத் தன் புகழைப் பணயம் வைக்கிறான். விவிலியத்தின் வேண்டுநன் கடந்தகாலச் செயலுக்குத் தன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

இவ்வகையின் சிகரம் யோபு 31. ‘செய்திருப்பின்’ என்னும் நிபந்தனையே அதிகாரம் முழுதும் அடுக்கி வருகிறது. சில இடங்களில் சாபம் வெளிப்படையாக நிற்கிறது. சில இடங்களில் சொல்லாது விடப்படுகிறது. எபிரேய ஆணைமொழியின் இயல்பு அது. அந்த மௌனம் கேட்போர் நெஞ்சில் அச்சத்தை மிகுவிக்கிறது. இங்கு 22ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்து நோக்கவேண்டும். நண்பன் எலிப்பாஸ், யோபுவின் துன்பம் ஒன்றையே சான்றாகக் கொண்டு, ஏழையின் ஆடையைப் பறித்தாய், பசித்தோனுக்கு உணவு மறுத்தாய், விதவையை வெறுங்கையாய் அனுப்பினாய் என்று குற்றங்களைப் புனைகிறான். தனித்து உண்டதில்லை, ஆடையற்றோனைத் தன் ஆட்டுமயிரால் போர்த்தினேன், விதவையின் கண்களை ஏங்கவிட்டதில்லை என யோபு தரும் மறுமொழி அவற்றிற்கே நேர் விடையாகும். பொதுவாய்த் தற்புகழ்ச்சி போலத் தோன்றுவது, உண்மையில் குற்றப்பத்திரிகைக்கு ஒன்றன்பின் ஒன்றாக அளித்த மறுப்பு.

பண்டை எகிப்தியரின் இறந்தோர் நூலிலும் (125ஆம் பகுதி), இறந்தவன் நாற்பத்திரண்டு தெய்வங்களின்முன் தான் செய்யாத தீமைகளை அடுக்கிச் சொல்கிறான். ஆனால் அது மறுமையின் வாயிலைக் கடக்க உதவும் வாசகம். யோபுவோ உயிரோடிருக்கும்போதே, பொய்யாயின் தன் தோள் கழன்று விழுக என்கிறான். தன் கைக்குறியை இட்டு, எல்லாம் வல்லவர் விடைதரட்டும் என்று அறைகூவுகிறான். கைக்குறிக்குப் பின்னரும் நிலத்தைப் பற்றிய ஓர் ஆணை வருகிறது. அது இடம் மாறியது என்பர் உரையாளர் பலர். எனினும் நிலக்கிழான் ஒருவனின் அநீதிக்கு இறுதிச் சாட்சி அவன் உழுவித்த மண்ணே ஆதலின், அது ஈற்றில் நிற்பதும் பொருத்தமே எனலாம்.

ஆயக்காரனை இகழ்ந்து தன்னைப் புகழ்ந்த பரிசேயனை இயேசு கண்டித்தாரே (லூக்கா 18) என்று கேட்கலாம். பரிசேயனை எவரும் குற்றஞ்சாட்டவில்லை; அவனே பிறனைக் குற்றஞ்சாட்டினான். யோபுவோ பிறர் சாட்டிய பொய்யை ஒப்புக்கொள்ள மறுத்தான். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது பணிவன்று, அதுவும் பொய்யே. இறைவனும் நூலின் முடிவில் எலிப்பாஸ் சாட்டிய குற்றங்களில் ஒன்றையேனும் உறுதிசெய்யவில்லை. தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுவே என்கிறார்.

எனினும் இச்சூளுரைப்பது எளிதன்று. அதனைச் சொல்லத் துணிவோன் தன் வாழ்வைத் தானே துருவி நோக்கவேண்டும். தன்னையும் தன் பணியாளனையும் கருவில் உருவாக்கியவர் ஒருவரே என்று உணர்ந்திருந்தேன் என்கிறான் யோபு; அயலான் தெருவில் இராத்தங்க விட்டதில்லை, வழிப்போக்கனுக்கு வாயிலைத் திறந்தேன் என்கிறான். பிழைப்பு நாடி அயலூர் வந்து, எவரோ ஒருவர் திறந்த வாயிலால் வாழ்வு பெற்ற நாம், நம் வாயிலைப் பின்வருவோர்க்குத் திறந்தோம் என்று ஆணையிட இயலுமா? இவ்வதிகாரத்தைப் படிக்கையில் எழும் வினா இதுவே.