வடமும் கோணமும்

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து நெடுஞ்சாலையில் போனால் பூலாவ் இண்டா தீவு. அங்கே வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம். பெரிய சரக்குக் கப்பல் கரையணையும்போது இழுவைப்படகுகள் அதைச் சூழ்ந்துகொள்ளும். முக்கோணவியலின் அழகை எங்கே பார்ப்பது என்று மாணவர் யாராவது கேட்டால், அங்கே போகச் சொல்வேன்.

படிவம் 5 இயற்பியலின் முதல் அதிகாரத்திலேயே கூட்டு விசைக் கணக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு விடைக்கு ஓடுகிறார்கள். ருசி அதற்கு முன்பே, அச்சை எங்கே வரைவது என்பதில் இருக்கிறது.

இரண்டு படகுகள் முன்னால் நின்று தலா 50 டன் விசையில் இழுக்கின்றன, வடங்களுக்கு இடையே 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வடத்தின் மேலேயே அச்சை வரைந்தாலும் விடை வரும், சுற்றி வளைத்து வரும். இரண்டுக்கும் நட்டநடுவே வரைந்து பாருங்கள். ஒவ்வொரு வடமும் அச்சோடு 30 பாகை. முன்னோக்கி 50 கோசைன் 30, இரண்டு முறை: 86.6 டன். பக்கவாட்டில் 50 சைன் 30, இடப்பக்கம் 25, வலப்பக்கம் 25. எதிரும் எதிருமாக நின்று தீர்ந்துபோகின்றன.

100 டன் போட்டு 86.6 தானா என்று நஷ்டக் கணக்கு பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. விடையில் தலைகாட்டாத அந்த இரண்டு 25களும்தான் கப்பலின் முகப்பை இருபுறமும் பிடித்து நேராக வைத்திருக்கின்றன. கோணத்தை 120 பாகைக்கு விரித்தால் முன்னிழுப்பு 50 டன்னாகக் குறையும், பக்கப்பிடி 43 டன்னைத் தாண்டும். முன்னிழுப்பைக் கொடுத்துப் பிடியை வாங்குகிறோம். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதைக் கோசைனும் சைனும் சொல்கின்றன.

கி.பி. 500ஐ ஒட்டி ஆரியபட்டர் அடுத்தடுத்த சைன் மதிப்புகளின் 24 வேறுபாடுகளைத் தந்தது வானத்துக் கோள்களைக் கணிக்க. விசைகளின் பக்கம் வந்தால், 1586இல் சைமன் ஸ்டெவின், சாய்தளத்தின் மேல் ஒரு மணிமாலை தொங்குவதாக எண்ணிப் பார்த்தே விசைகளின் சமநிலையைப் பிடித்துவிட்டார். அந்த எளிமைக்கு நான் அடிமை.

இப்போது மறுபடி 60 பாகைக்கே வந்து, இடப்பக்கப் படகு மட்டும் 40 டன்னுக்குத் தளரட்டும். முன்னிழுப்பு சுமார் 78, வலப்பக்கம் மிஞ்சுவது 5. ஐந்தை எழுபத்தெட்டால் வகுத்து டேன் நேர்மாறு எடுத்தால் 3.7 பாகை: இழுப்பு வலப்பக்கம் அவ்வளவு சாய்கிறது.

வடம் பிடித்து இழுக்கும் திருவாரூர்க் கோயில் ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போதும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. அங்கே சக்கரத்தடியில் முட்டுக்கட்டையின் உராய்வும் ஒரு விசையாகச் சேர்ந்துவிடும். அதை முழுதாகத் தாளில் போட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.