எதிர்காற்றில் பேசுபவர்கள்

அறுபதைத் தாண்டிய சைக்கிள்காரர்களின் பேச்சை ரசிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. டீக்கடை பெஞ்சில்தான் அது களைகட்டும் என்பது ஒரு கட்சி. வண்டி ஓடும்போது கேட்டால்தான் பேச்சு, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அது வெறும் அரசியல் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு ஆள்பலம் அதிகம். நியாயம் இரண்டாவது கட்சியின் பக்கம்.

சந்தேகம் உள்ளவர்கள் ஆனி, ஆடியில் ஒரு நாள் கோயம்புத்தூர் திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரிலிருந்து சூலூர் வரை போய்த் திரும்பிப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று, கிழக்கே போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளும். போகும்போது எல்லோரும் பேசுவார்கள். பேரனின் இன்ஜினியரிங் சீட்டு, தக்காளி விலை, முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று ஒரே இரைச்சல். யாரும் யாரையும் கேட்பதில்லை. தரம் தெரிவது திரும்பும் வழியில்தான். "போறப்போ தள்ளிவிட்ட காத்து வரப்போ வட்டியோட வாங்குதுங்" என்று ஒருவர் சொல்வார். அதற்குமேல் வீண்பேச்சுக்கு மூச்சு இருக்காது. மிஞ்சும் ஒவ்வொரு சொல்லும் அவசியமான சொல்.

இந்தக் கலையில் மில் ஃபிட்டர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர்களிலும் ஒருவர் தனி. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்துநாலு இன்ச் பிரேம் ஹெர்குலிஸ், கம்பி பிரேக், முழு செயின் கவர், சத்தமே போடாத கேரியர். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த வண்டிகளில் இத்தனை காலத்துக்கும் பளபளப்புக் குறையாதது இது ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. ராலேக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ராலே நல்ல வண்டிதான்; ஆனால் ராலே வைத்திருப்பவர்கள் வண்டியைப் பற்றி மட்டுமே பேசுவார்கள் என்பது ஒரு குறை.

அவர் பேச்சின் ரகசியம் மில்லுக்குள் இருக்கிறது. ரிங் ஃப்ரேம் ஓடும் கூடத்தில் கத்தினாலும் காதில் விழாது. உதட்டாலும் கையாலுமே சேதி சொல்லிப் பழகிய தலைமுறை அது. ரோட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. முகத்தை முக்கால்வாசி திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, மூன்று சொல். பிறகு ஹேண்டில்பாரிலிருந்து எழும் இடது கை மீதியைச் சொல்லிவிடும்.

இன்னொரு பள்ளிக்கூடம் டைனமோ. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகின. பின்னாளில் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதினால் ரோடே சைக்கிளாக இருந்த காலம் ஒன்று உண்டு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு வெளிச்சம் என்பது டயரில் உரசி ஓடும் டைனமோ. கதை சுவாரசியமானால் மிதி தளரும்; மிதி தளர்ந்தால் விளக்கு மங்கும்; விளக்கு மங்கினால் பள்ளம் தெரியாது, போலீஸ்காரருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே வேகம் குறையாமல் கதை சொல்லக் கற்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எந்தக் காலத்தில் இதைக் கற்றுக்கொள்வது?

ஒரு சாம்பிள். ஒண்டிப்புதூர் மேம்பாலம் ஏறும் முன் ஃபிட்டர் பக்கத்து வண்டிக்காரரைக் கேட்கிறார்: "சக்கரை எவ்ளோங்?" பாலம் ஏறும்வரை பதில் இல்லை. இறக்கத்தில், "நூத்தி எம்பது." பல்லடம் பஸ் ஒன்று இரைந்துகொண்டு தாண்டிப் போகிறது. அது போன பிறகு, "மக ஊட்டுக்குப் போயிருந்தீங்களாட்ட?" மற்றவர் வாயைத் திறக்கவில்லை, இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நாள். மகள் வீட்டு விருந்து, மைசூர்பாகு, மாத்திரையை மறந்துபோனது, திரும்பி வர மனம் வராதது எல்லாம் அந்த இரண்டு விரலில் வந்துவிட்டது. இதற்குமேல் ஒரு சிறுகதைக்காரர் என்ன செய்துவிட முடியும்?

ப்ரெவே என்கிற, நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போகும் பெரியவர்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பது அறுபத்தைந்து வயதில் சின்ன விஷயமா? ஆனால் முடித்த பிறகு அவர்கள் பேசுவது எண்கள்: சராசரி வேகம், இதயத் துடிப்பு, ஏறிய மீட்டர். எல்லாம் ஆப்பில் இருப்பது. ஆப்பில் இருப்பதை வாயால் ஒருமுறை சொல்வானேன்?

எண்களை வைத்துக்கொண்டும் அழகாகப் பேச முடியும் என்று காட்டியவர் பிரான்ஸின் ராபர்ட் மார்ஷாந்த். 102 வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டியவர், 2017 ஜனவரியில் 105 வயதில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். உலகமே கைதட்டியபோது அவர் சொன்னது ஒரு குறை: கடைசிப் பத்து நிமிடம் என்று காட்டிய பலகை கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் இன்னும் விரட்டியிருப்பேன். இது திருச்சி ரோட்டு முணுமுணுப்பேதான். ஃபிட்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "பலகையச் சின்னதா வெச்சிருப்பானுங்க" என்றார்.

பெண்கள் இந்தப் பேச்சில் இல்லையே என்று கேட்பவர்கள் புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பழகிய பெண்களில் பலருக்கு இன்று வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பேசியவர்கள் அவர்கள். அதைக் கேட்டு எழுதத் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

தரம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ரோடு அகலமானதும் ஓரம் குறுகிவிட்டது. ஜோடியாக ஓட்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓட்டுகிறார்கள், பாதிப் பேச்சு முன்னால் போகிறவர் முதுகில் முட்டி நின்றுவிடுகிறது. காதில் செருகிய பாட்டு மீதியைக் கெடுக்கிறது. கோட்டம் எடுக்கிற மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்ட, ஓவராயிலுக்கு வண்டியைப் போட்டுவிட்டு அரைநாள் பேசும் வசதியும் போயிற்று. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020-இல் மூடியது ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தில். இந்தச் சேதிக்கு மட்டும் ஃபிட்டர் கையைக்கூட அசைக்கவில்லை.

ஆடிக் காற்று இருக்கும்போதே அவரோடு ஒருமுறை போய்வருவது நல்லது. திரும்பும் வழியில் வலப்பக்கமாக அரைச் சக்கரம் பின்தங்கி ஓட்டினால் ஒரு சொல் தப்பாது, காற்று அந்தத் திசையில்தான் அடிக்கிறது. கிளம்பும் முன் டியூபையும் வால்வையும் பார்த்துக்கொள்ளவும். பஞ்சர் ஆனால் அவர் நிற்க மாட்டார்.