பெயரும் விளைவும்: ஹிஸ்டமின் தடை மருந்துகளும் அசைவுக் கோளாறுகளும்

ஒரு மருந்துக்கு இடப்படும் பெயர் அது எதற்காக வழங்கப்படுகிறது என்பதை உணர்த்துகிறதேயன்றி, உடலில் அது செய்வன அனைத்தையும் உணர்த்துவதில்லை. ஹிஸ்டமின் தடை மருந்துகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஒவ்வாமையைத் தணிக்கவென 1940களில் ஆக்கப்பட்ட பினோதயசின் வகை மருந்துகளுள் புறொமெதசின் ஒன்று. சத்திரசிகிச்சை வைத்தியரான ஆன்றி லபோறி அதன் அமைதியூட்டும் இயல்பை அவதானித்தார். 1950 டிசெம்பரில் பிரான்சின் றோன்-பூலென்க் நிறுவனத்தில் அதே வகையைச் சார்ந்த குளோர்புறோமசின் ஆக்கப்பட்டது. 1952இல் பரிஸ் நகரின் சென்ற்-ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் ஆகியோர் அதனை மனநோயாளருக்கு வழங்கினர். வரலாற்றாசிரியர் பலர் இதனை விடுதலைக் கதையாகவே கூறுவர். அது பாதி உண்மையே.

இம்மருந்து மூளையின் டோபமைன் வாங்கிகளையும் தடுத்தது. அதனால் நடுக்கமும் விறைப்பும் தோன்றின. அவற்றை மருந்து பயன் தருவதன் அடையாளமெனக் கொண்ட வைத்தியரும் இருந்தனர். 1957இல் ஜேர்மனியரான ஷோனெக்கர், வாயும் நாவும் தாமாக அசையும் நிலையை விவரித்தார். மருந்தை நிறுத்திய பின்னரும் நீடிக்கக்கூடிய இக்கோளாறு, காலந்தாழ்த்தித் தோன்றுவது என்ற பொருளில் 1964இல் பெயர் பெற்றது.

நடுக்கத்தைக் குணத்தின் அடையாளமாகக் கண்டது யாருடைய கண்? விடுதியின் அமைதியை வேண்டியோரின் கண் என்றே நாம் கருதுகிறோம். நடுங்கியவரின் கண் அன்று. இக்கொள்கையைப் பிற்கால ஆய்வே தகர்த்தது. ஏனைய மருந்துகளாற் குணமடையாதோருக்குக் குளோசபின் கூடுதற் பயன் தருவதை 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. குளோசபினோ அசைவுக் கோளாறுகளை அரிதாகவே விளைவிப்பது.

பெயர் தரும் மயக்கம் இன்றும் நீங்கவில்லை. மருந்தினால் திடீரெனத் தோன்றும் தசை இறுக்கத்தை டைபென்ஹைட்றமின் தணிக்கும். ஆயின் அது ஹிஸ்டமினைத் தடுப்பதாலன்று, அசற்றைல்கோலினைத் தடுப்பதாலாகும். அதே இனத்தைச் சேர்ந்த புறொமெதசின் அவ்விறுக்கத்தை உண்டாக்கவுங்கூடும். தலைச்சுற்றுக்கு வழங்கப்படும் சின்னறிசினை முதியோர் நெடுநாள் உட்கொள்ளின் பார்க்கின்சன் நோயையொத்த நிலை தோன்றலாம். அதனைப் புதிய நோயெனக் கொண்டு மற்றொரு மருந்தை வழங்குவது தவற்றின்மேல் தவறாகும்.

நாம் மருந்துகளை மறுக்கவில்லை. அவற்றால் துயர் நீங்கியோர் பலர். 'பக்க விளைவு' என்ற சொல்லின் பின்னால் நோயாளியின் அனுபவம் மறைக்கப்படுவதையே மறுக்கிறோம். விளைவுகளுள் எது பிரதானம், எது பக்கம் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை. அதனை வழங்குவோரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானத்தில் உட்கொள்பவரின் குரலும் சான்றாக ஏற்கப்படும்போதே மருந்தாய்வு முழுமை பெறும்.