பழைய ரிக்கும் பழுதுக் குறிப்பேடும்

நாற்பது வயதான ஹாம் ரேடியோ ஒன்றைத் திறந்து, பழுது பார்த்து, மறுபடியும் பேச வைப்பவரை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். பாராட்டுக்கு உரிய வேலைதான். ஆனால் செட் பேசத் தொடங்கியதும் நம் அக்கறை முடிந்துவிடுகிறது. எதனால் கெட்டது, எதை மாற்றினார்கள், மாற்றிய பிறகு அளந்து பார்த்தார்களா, நாளை மறுபடி கெட்டால் வேறொருவரால் தொடர முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. பழைய ரிக்குகளை, அதாவது டிரான்ஸீவர்களை, சீர்செய்யும் பழக்கத்தின் பலத்தையும் பலவீனத்தையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இந்தப் பழக்கம் நம் நாட்டில் வேறு வழியில்லாமல் பிறந்தது. 1939இல் உலகப்போர் தொடங்கியதும் ஹாம் உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. போருக்குப் பின் அனுமதி திரும்பக் கிடைத்தபோது, ராணுவம் கழித்துப்போட்ட ரிசீவர்களும் உதிரிகளும்தான் பலருக்கு மூலதனமாக இருந்தன. 807 வால்வை வைத்து டிரான்ஸ்மிட்டர் கட்டிய தலைமுறை அது. வெளிநாட்டு செட் வாங்க இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் குறுக்கே நின்றன. 1980களில் வரிச் சலுகை கிடைத்த பிறகுதான் ஜப்பானிய செட்டுகள் நம் வீடுகளுக்குப் பரவலாக வந்தன. யாயேசு எஃப்.டி.-101, கென்வுட் டி.எஸ்.-520, டி.எஸ்.-830 போன்றவை வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்தவை. ரிசீவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டர். அனுப்பும் பகுதியின் கடைசி இரண்டு கட்டங்கள் மட்டும் வால்வு. இன்று பழைய ரிக் என்று மேசைக்கு வருபவற்றில் கணிசமானவை இந்த வகைதான்.

இவற்றைக் காப்பாற்றுவதால் கிடைக்கும் முதல் லாபம் படிப்பு. உரிமத் தேர்வுக்கு நாம் சூப்பர்ஹெட்டரோடைன் கட்டப்படத்தை மனப்பாடம் செய்கிறோம். எஃப்.டி.-101இன் மூடியைக் கழற்றினால் அந்தக் கட்டப்படம் தனித்தனிப் பலகைகளாக எதிரே கிடக்கும். இது ஐ.எஃப்., இது மாடுலேட்டர், இது வி.எஃப்.ஓ. என்று விரல் வைத்துக் காட்டலாம். ஒவ்வொரு பலகையிலும் மல்டிமீட்டரை வைத்து, சர்வீஸ் மேனுவலில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜோடு ஒப்பிடலாம். இன்றைய செட்டில் இதே வேலைகளில் பெரும்பகுதியை ஒரு சிப்புக்குள் இருக்கும் நிரல் செய்கிறது. சிப் கெட்டால் பலகையையே மாற்ற வேண்டியதுதான்; அதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை.

இரண்டாவது லாபம் பலருக்கு வியப்பாக இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், பழைய ரிசீவர் கேட்கும் திறனில் புதியதற்குப் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. அந்த அலைவரிசையில் வானிலிருந்து ஆன்டெனாவுக்கு வரும் இரைச்சலே ரிசீவருக்குள் உண்டாகும் இரைச்சலைவிட அதிகம். அதனால் ரிசீவரை இன்னும் நுட்பமாக்கியும் கூடுதலாக எதுவும் கேட்டுவிடாது. நம் ஊர்களான ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. வி.எச்.எஃப். அலை மலையைத் தாண்டி மேற்கே போகத் திணறும். 40 மீட்டர் அலையோ பகலில் வானத்தில் பட்டுத் திரும்பிக் கொச்சியிலும் பெங்களூருவிலும் இறங்கும். நம் ஊருக்குத் தேவையான பேண்டில் பழைய செட் நன்றாகவே உழைக்கும்.

ஆனால் இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வானத்து இரைச்சல் வேறு, தெருவின் இரைச்சல் வேறு. எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மலிவான சார்ஜர் என்று ஊருக்குள் பெருகியிருக்கும் கரகரப்பைப் பழைய செட்டின் நாய்ஸ் பிளாங்கர் அடக்காது. வண்டியின் ஸ்பார்க் பிளக் போல விட்டுவிட்டு வெடிக்கும் ஓசைக்காகச் செய்தது அது. இடைவிடாமல் இரையும் ஓசையை அதனால் பிரித்தெடுக்க முடியாது. அங்கே புதிய செட்டின் டிஜிட்டல் வடிகட்டலுக்குத்தான் வெற்றி. நகரின் நடுவே வீடு இருப்பவர் பழையதன் பெருமையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இனி குறைகள். இவற்றில் முதன்மையானது, நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் பார்ப்பது. எஃப்.டி.-101ஐயே எடுத்துக்கொள்வோம். பைனல் வால்வு இரண்டும் சிவந்து போய்ச் செட் செத்துவிட்டது என்று ஒருவர் கொண்டுவருகிறார். அது 6ஜேஎஸ்6சி என்ற வால்வு. பழைய தொலைக்காட்சிகளுக்காக உருவானது. இன்று கிடைப்பதே அரிது. எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு ஜோடி வாங்கி மாட்டுகிறோம். கொஞ்ச நேரம் பேசுகிறது. பிறகு அந்த ஜோடியும் சிவந்து போகிறது.

குற்றம் வால்வில் இல்லை. டிரைவர் வால்வான 12பிஒய்7ஏ-யின் பிளேட்டுக்கும் பைனல் வால்வின் கிரிட்டுக்கும் நடுவே ஒரு சிறிய கப்ளிங் கண்டன்சர் இருக்கிறது. அதன் ஒரு காலில் ஏறத்தாழ 300 வோல்ட், மறு காலில் பைனலைக் கட்டுக்குள் வைக்கும் மைனஸ் பயாஸ். கண்டன்சருக்கு வயதாகிக் கசியத் தொடங்கினால் அந்த 300 வோல்ட்டில் ஒரு பங்கு கிரிட்டுக்குப் போய் மைனஸைத் தின்றுவிடும். கடிவாளம் போன வால்வு மின்னோட்டத்தை வாரி இழுத்துத் தன்னையே எரித்துக்கொள்ளும். டிரைவரை ஓடவிட்டு, பைனல் வால்வுகளை மாட்டாமலேயே கிரிட் முனையில் மீட்டரை வைத்திருந்தால், பயாஸ் இருக்க வேண்டிய அளவில் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். கண்டன்சரின் விலை சொற்பம். அதைப் பார்க்காததால் போனது தேடியும் கிடைக்காத ஒரு ஜோடி வால்வு. பழைய ரிக் வேலையில் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பழைய செட் என்றாலே எல்லாக் கண்டன்சரையும் பிடுங்கிப் புதிது போட வேண்டும் என்பது அது. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் உலர்ந்து போவது உண்மை; அவற்றை மாற்றலாம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் மைக்கா, செராமிக் கண்டன்சர்களையும் கழற்றினால், பழைய பலகையின் தாமிரப் பட்டை சூட்டில் உரிந்து வந்துவிடும். மாற்றிய ஏதோ ஒன்றில் புதுப் பழுது புகுந்தால் அது எதில் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஐ.எஃப். காயிலின் கோரைத் திருகிப் பார்ப்பதும் இந்த ரகம்தான். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல், காதை மட்டும் நம்பி ஒருமுறை திருகிவிட்டால் அது பழைய இடத்துக்குத் திரும்பாது. போதாததற்குப் போலி உதிரிகள். 2எஸ்சி1969 போன்ற அனுப்பும் டிரான்சிஸ்டர்கள் உற்பத்தி நின்று பல காலம் ஆனவை. சந்தையில் அதே எண் பொறித்து வருபவற்றில் போலிகள் ஏராளம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், சோதிக்காமல் மாட்டக் கூடாது.

ஆபத்தைச் சொல்லாமல் இந்தப் பழக்கத்தைப் புகழ்வது பொறுப்பில்லாத செயல். இந்த செட்டுகளில் பைனலின் பிளேட்டுக்கு 600 முதல் 900 வோல்ட் வரை போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். பிளீடர் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று நம்ப முடியாது. வயதான செட்டில் அதுவும் அறுந்திருக்கலாம். தகுந்த ரெசிஸ்டர் வழியாக கண்டன்சரை இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யக் கூடாது. மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது முதல் பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று சில சிக்கல்கள் சேர்கின்றன. பல செட்டுகளின் டிரான்ஸ்பார்மரில் 100, 117, 220, 234 என்று பல டேப்புகள் இருக்கும். நம் மின்சாரம் 230 வோல்ட். இரவில் சுமை குறைந்தால் இன்னும் ஏறும். 220 டேப்பிலேயே விட்டுவைத்த செட்டில் வால்வின் ஹீட்டர் வருடக்கணக்கில் கூடுதல் சூட்டில் எரிந்து ஆயுளை இழக்கும். பஞ்சாலை ஊரில் காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி செட்டுக்குள்ளும் படியும். ஐப்பசி மழையில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டால் பேண்ட் சுவிட்சின் வெள்ளிப்பூச்சு கறுத்துப்போகும். நெடுநாள் கிடந்த செட்டை முதலில் தூரிகையால் துடைத்து, டேப்பைச் சரிபார்த்து, சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் மேலே போகலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது.

1980களின் நடுவிலும் அதற்குப் பிறகும் வந்த செட்டுகளுக்கு வேறு நோய்கள். ஐகாம் ஐ.சி.-751 தன் இயக்க நிரலையே ஒரு சிறு ராம் பலகையில், லித்தியம் பேட்டரியின் தயவில் வைத்திருந்தது. பேட்டரி தீர்ந்தால் செட் ஒரு வேலையும் செய்யாது. கென்வுட் டி.எஸ்.-440இல் காயில்கள் ஆடாமலிருக்க ஊற்றிய பசையே வயதாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கியது. டயலில் எண்களுக்குப் பதில் வெறும் புள்ளிகள் வந்தன. டி.எஸ்.-850இல் சின்னஞ்சிறு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் கசிந்து பலகையை அரித்தன. இவற்றுக்கெல்லாம் மருந்து இன்று உலகறிந்தது. தாம் கண்ட பழுதையும் தீர்த்த விதத்தையும் முதலில் பார்த்தவர்கள் எழுதிவைத்ததால்தான் அது சாத்தியமானது. எழுதாமல் விட்டிருந்தால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருப்போம்.

நம்மிடம் குறைவது இந்த எழுதும் பழக்கம்தான். அதை எங்கே கற்கலாம் என்று தூரமாகத் தேட வேண்டியதில்லை. ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் ஒரு ரிங் ஃப்ரேமுக்கு எப்போது எண்ணெய் விட்டது, எந்த ஸ்பிண்டிலை மாற்றியது, அடுத்த சர்வீஸ் எப்போது என்பதெல்லாம் பதிவாகிறது. பிட்டர் ஷிப்ட் முடிந்து போனாலும் அடுத்து வருபவர் அந்தப் பதிவைப் பார்த்து வேலையைத் தொடர்கிறார். ஹாம் மேசையிலோ அறிவு முழுவதும் ஒருவர் தலைக்குள் இருக்கிறது. செட் கைமாறும்போது அது உடன் போவதில்லை.

கைமாறும் நேரம்தான் இந்தக் குறை முழுதாகத் தெரியும் இடம். ஹாம் ஒருவர் காலமானால் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த செட் வெறும் கனமான பெட்டி. 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் காலத்திலிருந்தே, உரிமம் இல்லாதவர் வயர்லெஸ் கருவியை வைத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்நாட்டு நிலை. அந்த அச்சத்திலும் அறியாமையிலும் நல்ல செட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. டிரான்ஸ்பார்மரின் தாமிரத்துக்கு மட்டும் விலை கிடைக்கிறது. என்னென்ன வேலை நடந்தது என்ற குறிப்பேடு செட்டோடு இருந்து, எந்த உரிமதாரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் உரியவர் எழுதிவைத்திருந்தால் இந்த இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

பேரிடரில் பழைய ரிக் கைகொடுக்கும் என்ற வாதத்தையும் அளந்து பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, ஹாம் பயணக்குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. பாரதி பிரசாத் தலைமையிலான அந்தக் குழு, மற்ற தொடர்புகள் அறுந்த நேரத்தில் செய்திகளைக் கொண்டுசேர்த்தது. ஹாம் ரேடியோவின் தேவைக்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதைக் காட்டிப் பழைய ரிக்கைப் பேரிடர்க் கருவி என்று சொல்வது பொருந்தாது. டி.எஸ்.-520 ஏறத்தாழ 16 கிலோ. காட்டாறு பெருகிய நேரத்தில் சதுரகிரி மலைப் பாதையில் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் ஏற முடியாது. நிலையான இடத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில் கட்டுப்பாட்டு நிலையமாக இருக்க அது தகும். பேரிடரில் கைகொடுப்பது அதைச் சீர்செய்து பழகிய ஆளின் திறமை. அறுந்த ஆன்டெனாவையும் கெட்ட பவர் சப்ளையையும் அங்கேயே சரிசெய்யத் தெரிந்தவர் அவர்.

படிப்புதான் நோக்கம் என்றால் புதிதாகக் கட்டலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் அதற்கு நல்ல விடை. இந்தியக் கடைகளில் கிடைக்கும் உதிரிகளை மனத்தில் வைத்து உருவான டிரான்ஸீவர் அது. காயில் சுற்றத் தண்ணீர்க் குழாயின் வாஷரே போதும் என்று செய்து காட்டினார். உயிர்ப் பயம் இல்லாத 12 வோல்ட்; சில வாட் சக்தி. தொடக்கக்காரருக்கு அதுவே முதல் படி. ஆனால் கட்டுவது ஒரு திறமை, கெட்டதைக் கண்டறிவது இன்னொரு திறமை. பிறர் கட்டிய சிக்கலான கருவி ஒன்று ஏன் ஊமையானது என்று படிப்படியாக நெருங்கும் பயிற்சியைப் பழைய ரிக்தான் தரும்.

ஆகவே பழைய ரிக்கைச் சீர்செய்யும் பழக்கம் தொடர வேண்டும் என்பதே என் முடிவு, ஆனால் நிபந்தனைகளோடு. சர்வீஸ் மேனுவலும் முக்கிய உதிரிகளும் கிடைக்கிற செட்டை மட்டும் எடுப்போம். கிடைக்காதவை நேர்மையாக உதிரிக்குப் போகட்டும். வேலை முடிந்ததும் டம்மி லோடில் போட்டுச் சக்தியையும் அலைவரிசை நிலைப்பையும் அளப்போம். தவறான அலைவரிசையில் சிக்னல் சிந்தினால் அதற்கு உரிமதாரரே பொறுப்பு. ஒவ்வொரு செட்டுக்கும் தமிழில் ஒரு குறிப்பேடு வைப்போம்: தேதி, அறிகுறி, அளந்த வோல்டேஜ், காரணம், மாற்றிய உதிரி. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர் ஒருவரை ஒவ்வொரு வேலையிலும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் குறிப்பை அவர் கையால் எழுதச் செய்தால், ஒரு செட்டோடு ஒரு பழுதுபார்ப்பவரும் உருவாகிறார். அந்த செட் அடுத்த வருடமே மறுபடி கெட்டாலும், அதைத் திறக்க ஊரில் இன்னொருவர் இருப்பார்.