சம்பளம் வாங்காத சாம்பியன்

ஹர்லிங் ஆட்டத்தில் பதக்கக் கணக்கை மட்டும் வைத்துப் பேசினால் ஹென்றி ஷெஃப்லினுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. கில்கென்னி மாவட்ட அணிக்காக 1999 முதல் 2014 வரை ஆடி 10 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். ஒவ்வோர் ஆண்டின் கனவு அணியான 'ஆல் ஸ்டார்' பட்டியலில் 11 முறை இடம். ஆண்டின் சிறந்த வீரர் விருது 3 முறை. ஆனால் இந்தப் பட்டியலை வைத்து அவரை அளந்தால் பாதி ஆட்டக்காரர்தான் தெரிவார். மீதிப் பாதி, முழங்கால் இரண்டு முறை காலை வாரிய பிறகு வந்தவர்.

ஹர்லிங் பார்த்திராதவர்களுக்கு: கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை, தோல் போர்த்திய சிறு பந்து, அணிக்கு 15 பேர், 70 நிமிடம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் 1 புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதாவது 3 புள்ளி. 1884இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம் இதை நடத்துகிறது. இறுதிப் போட்டிக்கு டப்ளின் குரோக் பார்க்கில் 80,000 பேர் கூடுவார்கள். ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. வீரர்களுக்கு ஏலமும் இல்லை, விலையும் இல்லை. சொந்த ஊர் கிளப், சொந்த மாவட்டம், அவ்வளவுதான். ஆடிய காலத்தில் ஷெஃப்லினுக்கு வங்கியில் வேலை. பயிற்சியெல்லாம் வேலை முடிந்த பிறகு.

மாவட்ட சாம்பியன்ஷிப்பில் 71 ஆட்டங்களில் அவர் எடுத்தது 27 கோல், 484 புள்ளி, மொத்தம் 565. ஆட்டத்துக்கு ஏறக்குறைய 8. இதில் பெரும்பங்கு எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் 'ஃப்ரீ' அடியில் வந்ததுதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த அடி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பந்தைக் கையால் தொடக் கூடாது. தரையில் கிடப்பதை மட்டையின் நுனியால் நெம்பி எழுப்பி, அது கீழே விழுவதற்குள் ஓங்கி அடிக்க வேண்டும். நெம்பல் ஓர் அங்குலம் தவறினாலும் பந்து திசை மாறிவிடும். இதை மழையிலும் காற்றிலும் 16 பருவங்கள் அலுக்காமல் செய்தவர் அவர்.

இன்னொரு வாதமும் உண்டு: பிரையன் கோடி பயிற்றுவித்த கில்கென்னியில் டாமி வால்ஷ், ஜே.ஜே. டெலானி போன்றவர்கள் இருந்தார்கள், அங்கே யார் ஆடினாலும் ஜெயித்திருப்பார்கள் என்பது. 2006 முதல் 2009 வரை தொடர்ந்து 4 பட்டம் வென்ற அணிக்கு இது ஓரளவு பொருந்தும். 2007 இறுதிப் போட்டியில் கேப்டன் ஷெஃப்லின் முழங்கால் தசைநார் கிழிந்து இடைவேளைக்குப் பிறகு களமிறங்கவில்லை; அணி லிமெரிக்கை வென்றது.

2010இல் அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. அரையிறுதியில் மறுபடியும் முழங்கால். நான்கே வாரத்தில் இறுதிப் போட்டி, எதிரே டிப்பரரி, வென்றால் தொடர்ந்து ஐந்தாவது பட்டம். அவர் பயிற்சிக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். இறக்கினார்கள், முதல் பாதியிலேயே வெளியேறினார். டிப்பரரியின் லார் கார்பெட் 3 கோல் அடிக்க, கில்கென்னி 8 புள்ளியில் தோற்றது. அந்தச் சூதாட்டம் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆறாத காலுடன் ஆளை இறக்கியதில் ஆசை தெரிந்தது, நிதானம் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே டிப்பரரியை இறுதியில் வென்று கணக்குத் தீர்த்தார்கள். என் பார்வையில் உச்சம் 2012. கால்வேக்கு எதிரான இறுதிப் போட்டி. இடைவேளையில் கில்கென்னி 5 புள்ளி பின்தங்கியிருந்தது. 33 வயது ஷெஃப்லின் பின்பாதியில் ஆட்டத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கடைசி நிமிடங்களில் சமநிலை, கில்கென்னிக்கு பெனால்டி. அரங்கம் கோலை எதிர்பார்த்தது. அன்றைய விதிப்படி கோல் கோட்டில் தடுக்க மூன்று பேர் நிற்கலாம். ஷெஃப்லின் பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டி 1 புள்ளி எடுத்தார். சற்று நேரத்தில் கால்வேயின் ஜோ கேனிங் ஃப்ரீயில் சமன் செய்ய, ஆட்டம் டிரா. கோலுக்கு முயன்றிருக்க வேண்டும் என்று உடனே விமர்சனம் கிளம்பியது. நான் அதை ஏற்கவில்லை. மூன்று மட்டைகள் மறித்து நிற்கையில், முன்னிலை தரும் கைக்கெட்டிய புள்ளியை எடுப்பதுதான் கணக்கு. மூன்று வாரம் கழித்து மறு ஆட்டத்தில் கில்கென்னி 3-22 (3 கோல், 22 புள்ளி), கால்வே 3-11. அது ஷெஃப்லினின் ஒன்பதாவது பட்டம். முந்தைய சாதனையாளர்களான கிறிஸ்டி ரிங், ஜான் டாய்ல் இருவரும் 8 பட்டத்தோடு நின்றவர்கள்.

பத்தாவது 2014இல் வந்தபோது தொடக்க அணியில் அவருக்கு இடமில்லை. முணுமுணுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார். 2015 மார்ச்சில் தன் சொந்த கிளப்பான பாலிஹேல் ஷாம்ராக்ஸுக்காக அகில அயர்லாந்து கிளப் பட்டம் வென்று, அடுத்த வாரமே மாவட்ட ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். பிறகு அதே கிளப்புக்குப் பயிற்சியாளராகி 2019, 2020 பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

அவருடைய 565ஐ 2021இல் அதே ஜோ கேனிங் தாண்டிவிட்டார். எண்கள் அப்படித்தான், ஒருநாள் தாண்டப்படும். ஷெஃப்லினைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் 2012 இறுதிப் போட்டியின், டிராவில் முடிந்த அந்த முதல் ஆட்டத்தின், பின்பாதியைத் தேடிப் பாருங்கள்.