என் இடுப்பில் இருக்கும் 3913

ஹூஸ்டனின் ஆகஸ்டு மாதம் சென்னைக்காரனுக்குப் புதிதல்ல. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெக்கையிலும், மெல்லிய பருத்திச் சட்டைக்குள், வலது இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியோடுதான் ஒன்பது ஆண்டுகளாக வெளியே போய் வருகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 3913. அலுமினியக் கலவைச் சட்டம், துருப்பிடிக்காத எஃகு ஸ்லைடு, மூன்றரை அங்குலக் குழல். மேகசினில் எட்டுத் தோட்டா, குழலில் ஒன்று. காலியாக இருக்கையில் ஏறக்குறைய 700 கிராம். இதைவிட நல்ல பொருள் ஒன்றை நான் இந்த நாட்டில் காசு கொடுத்து வாங்கியதில்லை.

முதலில் வாங்கியது இது அல்ல. இரவு பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலோடு காருக்கு நடக்கிற பிழைப்பு என்னுடையது. கடைக்காரர் சொன்னார் என்று, இருப்பதிலேயே லேசான பாலிமர் பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். இடுப்பில் இருப்பதே தெரியாது. ஆனால் பயிற்சிக்கூடத்தில் ஐம்பது தோட்டா சுட்டால் கட்டைவிரல் கவட்டை கன்றிச் சிவந்துவிடும். வலிக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பேன். தோட்டா எங்கேயோ போகும். மெல்ல மெல்லப் பயிற்சிக்கே போகாமல் இருந்துவிட்டேன். சுட்டுப் பழகாத துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பது தனக்கும் ஆபத்து, பிறருக்கும் ஆபத்து.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த வயதான டெக்சஸ்காரர் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் 3913ஐ நீட்டினார். வெள்ளி நிறம், மழுக்கிய ஹேமர், விளிம்பெல்லாம் தேய்ந்து பளபளத்தது. எட்டுத் தோட்டா சுட்டேன். ஏழு கெஜத்தில் எட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. மறுபடியும் எட்டு. அதே கதைதான். அன்று மாலையே பழைய துப்பாக்கி விற்கும் கடைகளை ஏறி இறங்கத் தொடங்கினேன்.

காரணம் எளிது. அதே தோட்டா, அதே மருந்து என்றால், துப்பாக்கியின் எடை கூடக் கூட அது பின்னோக்கிப் பாயும் வேகம் குறையும். பாலிமர் குத்துகிற இடத்தில் உலோகம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முடிவதற்குள் முன்சைட் தானாகவே குறிக்குத் திரும்பிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டிய மணிக்கட்டுக்கு இது வரம். பயிற்சி வலிக்காததால் வாராவாரம் போகிறேன்; போவதால் குறி தப்புவதில்லை.

இதன் பரம்பரையும் சாதாரணமானதல்ல. 1950களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39 என்ற 9 மி.மீ. பிஸ்டலைக் கொண்டுவந்தது. ரிவால்வரைத் தவிர வேறெதையும் நம்பாத அமெரிக்கப் போலீஸ் உலகில், 1967இல் இல்லினாய் மாநிலப் போலீஸ் அதை ஏற்றுக்கொண்டது. வியட்நாம் போரில் கடற்படையின் சீல் படையினர் கையில் ஓசையடக்கியோடு இருந்ததும் அதன் வழிவந்ததே. அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக் குட்டிதான் 3913. பெயரிலேயே ஜாதகம் எழுதியிருக்கிறது: 39 என்றால் ஒற்றை வரிசை மேகசின் கொண்ட 9 மி.மீ., 1 என்றால் கச்சித அளவு, கடைசி 3 என்றால் அலுமினியச் சட்டத்தின் மேல் துருப்பிடிக்காத எஃகு ஸ்லைடு. வியர்வையில் ஊறுகிற இந்த ஊர் வெயிலுக்கு அந்தக் கடைசி 3 எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சுமப்பவர்தான் அறிவார்.

ஒற்றை வரிசை என்பதால் பிடி மெலிந்திருக்கும். சராசரித் தமிழன் கைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். ஹேமர் மழுக்கப்பட்டிருப்பதால் உருவும்போது சட்டையில் சிக்காது. நோவாக் சைட்டும் தாழ்வாக, வழவழப்பாக இருக்கும். பெல்ட்டுக்கு உட்புறம், விசையை முழுக்க மூடும் நல்ல தோல் ஹோல்ஸ்டரும், வளையாத தடித்த பெல்ட்டும் இருந்தால் 700 கிராமும் இடுப்பில் சமமாகப் பரவிவிடும். முதல் மாதம் வீட்டில் மனைவி, “என்னங்க, இன்னைக்கு எடுத்துக்கலையா?” என்று கேட்டாள். இடுப்பில்தான் இருந்தது. அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

நான் மனம் பறிகொடுத்தது அதன் விசையில். முதல் இழுப்பு நீளம், கனம். விரல் அறிந்து, மனம் துணிந்து இழுத்தால்தான் ஹேமர் பின்னே போய் விழும். அதற்கடுத்த இழுப்புகள் குறுகியதாக, லேசாக இருக்கும். ஸ்லைடில் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் ஹேமர் ஆபத்தில்லாமல் இறங்கிவிடும். மேகசினைக் கழற்றிவிட்டால் சுடவே சுடாது. ஆனாலும் துப்பாக்கி எப்போதும் குண்டு நிரம்பியது என்றே நினைத்துக் கையாள வேண்டும். பதற்றமான ஒரு நொடியில், அந்த நீண்ட முதல் இழுப்பு “இது அவசியம்தானா?” என்று ஒருமுறை கேட்கிறது. இடுப்பில் உயிர்பறிக்கும் பொருளை வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்வி தேவை. அதற்காகவே வீட்டில் வெடிக்காத போலித் தோட்டா போட்டு தினமும் இருபது முறை முதல் இழுப்பை மட்டும் பழகுகிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. ஸ்லைடைக் கழற்றி, சட்டத்தின் தண்டவாளங்களில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத்துக்கு உயிர்நிலை அங்கேதான். கடைக்காரர் அனுமதியோடு, காலி என்று இருமுறை சரிபார்த்துவிட்டு, நெம்புகோல் ஹேமரை ஒழுங்காக இறக்குகிறதா என்று சோதியுங்கள். ரீகாயில் ஸ்பிரிங்கையும் மேகசின் ஸ்பிரிங்குகளையும் வந்தவுடன் மாற்றிவிடுங்கள். கூடுதலாக மூன்று மேகசின் வாங்கி வையுங்கள். இந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. சுமக்கப்போகும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவில் குறைந்தது இருநூறு தடங்கலின்றி ஓடிய பிறகே இடுப்பில் ஏற்றுங்கள். என்னுடையது ஒருமுறைகூடத் திணறவில்லை.

2018இல் வந்த சிக் பி365 இதைவிடச் சிறியது, லேசானது, மேகசினில் பத்துத் தோட்டா கொள்வது. சுட்டுப் பார்த்தேன், மிக நல்ல துப்பாக்கி. ஆனால் என் கையில் எட்டு எட்டும் குறியில் விழுவது 3913இல்தான். எண்ணிக்கையை நம்பி நான் சுமக்கவில்லை.

டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள, 21 வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம். நான் உரிமத்தைப் புதுப்பித்தே வருகிறேன். புதிதாக உரிமம் பெறுவோர் 3, 7, 15 கெஜத்தில் ஐம்பது தோட்டா சுட்டு, 250க்கு 175 மதிப்பெண் பெற வேண்டும். அதே தேர்வை 3913ஓடு சுட்டுப் பார்த்தபோது எனக்கு 246. நுழைவாயிலில், மறைத்துச் சுமப்பதைத் தடைசெய்யும் 30.06 பலகை கண்டால் திரும்பிவிடுவேன். மதுபான விடுதியின் சிவப்பு 51 சதவீதப் பலகையும் அப்படியே. வீடு வந்ததும் அது பூட்டுப் பெட்டிக்குள் போகும். பேரப்பிள்ளைகள் வருகிற வீடு. இந்தியாவில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை என்பது ஊரிலிருந்து வருபவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது.

சட்டம் இடம்தரும் ஊரில் வாழ்ந்து, தற்காப்புக்கு ஒன்று சுமப்பது என்று முடிவெடுத்தவருக்கு ஒரு வார்த்தை. புதியவை மின்னும் முன்வரிசையைக் கடந்து, கடையின் மூலையில் உள்ள பழைய கண்ணாடிப் பெட்டிக்குப் போங்கள். அங்கே தேய்ந்த விளிம்போடு ஒரு 3913 இருந்தால், கையில் வாங்கிப் பிடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். வாங்கினால் வாராவாரம் சுட்டுப் பழகுங்கள்.