சவுக்குத் தோப்பும் மின்சாரக் கணக்கும்

விரைந்து வளரும் மரங்களை நட்டால் எரிபொருள் பஞ்சம் தீரும், மின்சாரமும் கிடைக்கும் என்ற பேச்சு புதிதன்று. 1980-இல் அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் கழகம் விறகுப் பயிர்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. சவுக்கு, தைலமரம், சூபாபுல், சீமைக் கருவேலம் ஆகியவை அதில் இடம்பெற்றன. அடுப்புக்கு விறகு தேடி அலையும் ஏழை நாட்டு மக்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. இன்று அதே மரங்களை மின் நிலையக் கொதிகலனுக்குத் தீனியாகப் பரிந்துரைப்போர் உளர். இரண்டும் ஒன்றுதானா?

மேல்சித்தாமூர், திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தாருக்குச் சவுக்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் நீராவி ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி, சென்னை மாகாணக் கடற்கரையில் இது பயிரிடப்பட்டது. இதன் வேர் முண்டுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றித் தருவதால் வெறும் மணலிலும் செழிக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டலாம். எல்லாம் உண்மையே. ஆனால் ஆற்றல் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் சூரிய ஆற்றல் விழுகிறது. ஆண்டுக்கு ஏக்கருக்கு 73 லட்சம் யூனிட்! அந்த ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன் பச்சை மரம் விளைவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி நீர். எஞ்சும் 5 டன் உலர் மரம், கிலோவுக்கு 5 யூனிட் வீதம் 25,000 யூனிட் வெப்பம் தரும். விழுந்த ஒளியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. கொதிகலனும் சுழலியும் அதில் கால் பங்கை மின்சாரமாக்கினால் கிடைப்பது சுமார் 6,250 யூனிட்.

ஆண்டுக்கு 7,000 மணி நேரம் ஓடும் ஒரு மெகாவாட் நிலையத்துக்கு 70 லட்சம் யூனிட் வேண்டும். அதற்கு 1,120 ஏக்கர் தோப்பு தேவை. சூரிய மின்தகடுகளோ ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் யூனிட் தரும். கிட்டத்தட்ட 50 மடங்கு. இரவிலும் எரியும் என்பது விறகின் சிறப்புதான். ஆனால் அந்தச் சிறப்புக்கு ஆயிரம் ஏக்கர் நிலமும் அதற்குரிய நிலத்தடி நீரும் விலையாகலாமா?

விவசாயி இக்கணக்கைப் போடாமலேயே உணர்ந்திருக்கிறார். கட்டை காகித ஆலைக்கும், கழி சாரத்துக்கும் பந்தலுக்கும் போகின்றன. வேரும் மிளாறுமே அடுப்புக்கு மிஞ்சுகின்றன. சருகையும் வாரி எரித்துவிட்டால் மண்ணின் சத்து மண்ணுக்குத் திரும்பாது. மேலும், தைலமரம்போல் சவுக்கு அடிக்கட்டையிலிருந்து நன்கு தழைப்பதில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதுக் கன்று நட வேண்டும். மரம் தானே வளரும், செலவில்லை என்பது இங்கே பொருந்தாது.

சீமைக் கருவேலம் தரும் பாடம் வேறு. விறகுக்காகப் பரப்பிய மரம் ஏரிகளையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. அதை அகற்ற வேண்டுமென நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. விரைந்து வளர்வது நற்குணமாவது அது எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியும்வரைதான்.

அப்படியானால் விறகுத் தோப்பே வேண்டாமா? அப்படியன்று. வெப்பம் வெப்பமாகவே பயன்படும் இடத்தில் விறகு நல்ல எரிபொருள். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. நல்ல அடுப்பு அதை இரு மடங்காக்கும். பச்சை விறகை நன்கு உலர்த்தினால், நீரை ஆவியாக்கவே வீணாகும் வெப்பமும் மிச்சம். அடுப்படியில் புகையும் குறையும். இரண்டையும் செய்தால் அரை ஏக்கர் விறகு ஓர் ஏக்கரின் வேலையைச் செய்யும்.

எனவே, உங்கள் ஊரில் ஆற்றல் தோப்புத் திட்டம் என்று யாரேனும் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஏக்கர்? யாருடைய தண்ணீர்? எடை போடுவது பச்சை மரமா, உலர்ந்த மரமா? மூன்றாவது கேள்விக்குத் திட்ட அறிக்கையில் விடை இல்லையென்றால், மற்ற எண்களையும் நம்ப வேண்டியதில்லை.